மற்றும் பலர்

"...பலர்னு போட்டுட்டா, அதுல எங்கய்யா எத்தனாவது ஆளு, தம்பி?"

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கேம்ப்புக் காட்டில், சாமியானா பந்தலுக்குப் பின்னால் வைத்து ஜீப் மொக்கராசு அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இது. கோபமாகக் கேட்டிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். அவர் கோபப்படவில்லை. ரேஷன் கடையில், 'வரிசையில நான் எத்தனாவது ஆளு?' என்று கேட்பார்களே... அப்படிக் கேட்டார்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து ஊரார் செய்கிற கூத்தையெல்லாம் பேசிச் சிரித்திருக்கிறோம். இந்த வாரக் கூத்து என்னுடையது. சிரிக்க முடிகிறதா பாருங்கள்.

முதலில் கேம்ப்புக் காடு எது என்று சொல்லிவிடுகிறேன். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற ரோட்டில், மேற்கே மலையைப் பார்த்து ஒரு பாதை பிரியும்; அந்த முக்குக்குக் கைகாட்டி என்று பெயர். அதில் இரண்டு மைல் போனால் பெரிய பொட்டல். இரண்டாம் உலக யுத்தம் நடந்தபோது வெள்ளைக்காரன் அங்கேதான் பட்டாளத்துக்கு ஆள் பழக்கினான். பள்ளத்தாக்கு முழுக்க வாலிபர்களைப் பிடித்துக்கொண்டு வந்து, மூன்று மாதம் ஓடவிட்டு, துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, பர்மாவுக்கு ரயிலேற்றினான்.

ஷெட்டுகள் எப்போதோ போய்விட்டன. சிமெண்டுத் தளங்கள் மட்டும் வரிசையாகக் கிடக்கின்றன. இலவம்பஞ்சு காயப்போடத் தோதான இடம். கடைசியில் குண்டுமேடு என்று ஒரு மண்மேடு இருக்கிறது. அதில் குறி வைத்துத்தான் சுட்டுப் பழகினார்களாம். சின்ன வயதில் அந்த மேட்டைத் தோண்டி ஈயக் குண்டு பொறுக்குவோம். உருக்கினால் தூண்டிலுக்கு எடை கட்ட ஆகும். ஜப்பான்காரன் எத்தனை பேர் செத்தானோ தெரியாது — முல்லைப் பெரியாற்றில் ஏகப்பட்ட கெண்டை மீன் வெள்ளைக்காரன் குண்டால் செத்திருக்கிறது.

அந்தக் கேம்ப்பில் ஒரு மழைக்காலத்தில் காலரா வந்தது. பயிற்சிக்கு வந்த வாலிபர்களில் பத்தொன்பது பேர் போய்ச் சேர்ந்தார்கள். யுத்தத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல். வாசலை அடைத்து, சொந்தபந்தம் யாரையும் உள்ளே விடாமல், அங்கேயே எரித்து, சுண்ணாம்பைக் கொட்டிவிட்டார்கள். "எதிரி வர்றதுக்கு முன்னாடி பேதி வந்திருச்சு" என்பார் கைகாட்டி டீக்கடைக்காரர். அறுபது வருஷமாக அந்தப் பத்தொன்பது பேருக்கு அந்த ஒரு வரிதான் நினைவுச் சின்னமாக இருந்தது.

போன வருஷம் சிலருக்கு நல்ல புத்தி வந்தது. ஒரு பட்டாளத்துப் பென்ஷன்காரர், ஒரு ரைஸ்மில் முதலாளி, இரண்டு ஹெட்மாஸ்டர்கள், நாலைந்து ஊராட்சித் தலைவர்கள் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டார்கள். செத்தவர்கள் பெயரைக் கல்லில் வெட்டி, அந்தப் பொட்டலில் நட்டுவைப்பது என்று முடிவு. நல்ல காரியமா, இல்லையா? நல்ல காரியம்தான். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

எனக்கு அங்கே என்ன வேலை? கம்பத்தில் ஒரு அச்சாபீஸில் இருபது வருஷம் எழுத்துக் கோத்தவன் நான். பள்ளிக்கூடப் படிப்பு எட்டோடு சரி. ஆனால் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எந்த நோட்டீசுக்கும் வாசகம் எழுதக் கை பழகியிருந்தது. "கல்வெட்டு வாசகம் நீங்கதான் எழுதணும்" என்றார் கமிட்டிச் செயலாளரான ரைஸ்மில்காரர். "பேரையும் நீங்களே வீடு வீடாப் போய்ச் சேகரிச்சிருங்க" என்றார். பெருமையாக இருந்தது. தலையாட்டினேன்.

பெயர் சேகரிக்கப் போன இடத்தில்தான் மொக்கராசு அண்ணன் என் கையைப் பிடித்தார்.

அவரைப் பல வருஷமாகத் தெரியும். கம்பத்திலிருந்து கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் முப்பது வருஷம் டிரைவர். விடியக்காலையில் பதினைந்து பேரை அடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவார், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவார். இப்போது ஓட்டுவதில்லை. கண்ணாடி போட்டுவிட்டார், மீசை மட்டும் பழைய மொக்கராசு.

அவருடைய அய்யா பெயர் வீரணன். அந்தக் கேம்ப்புக்கு ஆள் எடுத்தபோது போனவர். போகும்போது மொக்கராசு அண்ணன் பிறந்து மூன்று மாதம். கேம்ப்புக்கும் அவர்கள் ஊருக்கும் நடந்தால் ஒரு மணி நேரம். அவ்வளவுதான் தூரம்.

காலரா வந்தபோது, சாகப் பயந்த வாலிபர்கள் பல பேர் இருட்டில் வேலி தாண்டி, மலையேறி, கேரளாவுக்கு ஓடிவிட்டார்கள். ஆளைக் காணோம் என்றதும், ஆஜர் சொல்லாதவன் வீட்டுக்கெல்லாம் போலீஸ்காரனை அனுப்பியிருக்கிறார்கள். செத்தவன் யார், ஓடினவன் யார் என்று அந்த நேரத்தில் யார் பிரித்துப் பார்த்தது? ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து இறங்கி வீரணன் வீட்டிலும் கேட்டார். "உன் புருஷன் எங்க ஒளிஞ்சிருக்கான்?"

அவ்வளவுதான். ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. வீரணன் ஓடிப்போய்விட்டான். குமுளிச் சந்தையில் அவனைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இன்னொரு பொண்டாட்டியோடு பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். பார்க்காத ஆளே இல்லை!

அந்த வீட்டுக்குப் பெயர் 'ஓடுனவன் வீடு' ஆனது. குழாயடியில் சண்டை வந்தால் அதுதான் கடைசி ஆயுதம். மொக்கராசு அண்ணனுக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், "அப்பன் மாதிரி இவனும் மலையேறிட்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் ஜீப் ஓட்டப் போனதும் அதற்கும் ஒரு பேச்சு — "அப்பன் நடந்து ஓடுனான், மகன் வண்டியில ஓடுறான்."

அவருடைய ஆத்தா தாலியைக் கழற்றவில்லை. கடைசிவரை குங்குமம் வைத்துக்கொண்டிருந்தது. அதற்கும் ஊர் சிரித்தது.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? தேடினார். வண்டி எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும், பெண்களை இறக்கிவிட்டுவிட்டு, வயசான ஆட்களிடம் போய் நிற்பார். தமிழனாக இருந்தால் தமிழில். இல்லையென்றால் அவருக்குத் தெரிந்த மலையாளத்தில், "வீரணன் என்னு பேருள்ள ஒரு தமிழன் இவிடெ உண்டோ, சேட்டா?" முப்பது வருஷம்.

ஒரு தடவை வண்டன்மேடு பக்கம் ஒரு வீரணன் கிடைத்தேவிட்டார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த கிழவர். விசாரித்தால் அவர் போடிக்காரர்.

"அந்த ஆளு போடின்னு சொன்னதும் எனக்கு ஏமாத்தமாவும் இருந்துச்சு, நிம்மதியாவும் இருந்துச்சு தம்பி" என்றார் அண்ணன். "கால்ல விழுகுறதா, கன்னத்துல அறையுறதான்னு முடிவு பண்ணாமலே போயிருந்தேன்ல... செத்தவரத் தேடுனா ஒரு நாளு அழுதுட்டு விட்டுரலாம். ஓடுனவரத் தேடுனா தெனமும்ல கோபப்படணும்?"

இப்படிப்பட்டவருக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. வேறொரு பட்டாளத்துப் பென்ஷன்காரர் இரக்கப்பட்டு வடக்கே ஏதோ ராணுவ ஆபீசுக்கு மனு மேல் மனுவாக எழுதிப் போட்டதற்குப் பதில். இங்கிலீஷில் நாலே வரி. நான் அகராதியை வைத்துக்கொண்டு படித்துக் காட்டினேன். பயிற்சியில் இருந்த வீரணன் என்பவர் காலரா கண்டு கேம்ப்பிலேயே இறந்துபோனார். அவ்வளவுதான் இருந்தது.

"ஓடலையா?"

"ஓடலைண்ணே."

"இன்னொருக்கா படி."

படித்தேன்.

"இதைச் சொல்றது கவர்மெண்டுதான?"

"கவர்மெண்டுதாண்ணே. முத்திரை இருக்கு பாருங்க."

முத்திரையை விரலால் தடவினார். அப்புறம் சம்பந்தமே இல்லாமல், "அந்த எஸ்டேட்டுக்காரவுக எல்லாம் என்னைய என்னன்னு நெனச்சிருப்பாக!" என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். ஊர் நம்பியதா? அவருடைய சித்தப்பா மகன் பெருமாள்சாமி — பங்காளிச் சண்டைக்குப் பஞ்சமில்லாத வீடு — தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இந்த மாதிரி பேப்பரு ஆயிரம் அடிக்கலாம்ப்பா. நீதான் பிரஸ்ஸுக்காரன் கூடவே சுத்துறியே!"

அந்தப் பிரஸ்ஸுக்காரன் நான்தான்.

அதனால்தான் கல் என்றதும் மொக்கராசு அண்ணன் என் கையைப் பிடித்தார். "பேப்பர நம்பமாட்டேங்கறாங்க தம்பி. கல்லுல வெட்டி மந்திரி வந்து தொறந்தா நம்பித்தான ஆகணும்? அங்கன எங்கய்யா பேரு இருந்தாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"வரும்ணே. நான் பொறுப்பு."

சொன்னேன். என் வாயால், அவர் வீட்டு நடையில் நின்று, அவர் மருமகள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு சொன்னேன்.

பத்தொன்பது பெயரும் சேர்ந்தன. ஊர், தகப்பன் பெயரோடு அழகாக எழுதினேன். தெரிந்த வீடுதானே என்று கடைசியாகப் போனதால் வீரணன் பெயர் பத்தொன்பதாவதாக இருந்தது. மேலே இரண்டு வரி: 'இம்மண்ணில் பயிற்சி பெற்று, போர்முனை காணாமலே உயிர் நீத்த நம் பிள்ளைகள்.' எனக்கே கண் கலங்கியது. எழுதுகிறவனுக்குத் தன் எழுத்தைப் பார்த்துக் கண் கலங்குவது ரொம்ப சுலபம்.

கமிட்டிக் கூட்டம் ரைஸ்மில் மாடியில் நடந்தது. வாசகத்தைப் படித்தேன். செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"நல்லாருக்கு. ஆனா, தொறந்து வைக்கிறவுக பேரு எங்க?"

அடடா, ஆமாம். மந்திரி பெயரைப் போடாமல் கல்லா? போட்டோம். மந்திரியைப் போட்டால் கலெக்டர். கலெக்டரைப் போட்டால் எம்.பி., எம்.எல்.ஏ. அவர்களைப் போட்டால் ஒன்றியம், பேரூராட்சி, ஊராட்சி. பிறகு தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. பிறகு கமிட்டி — தலைவர், துணைத்தலைவர் மூவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், ஆலோசகர்கள்.

நம் ஊர் ஆட்களுக்குக் கல் என்றால் ஒரே அச்சுதான் தெரியும். பஸ் நிழற்குடையோ, கக்கூஸோ, தண்ணீர்த் தொட்டியோ... எதற்கும் அதே கல், அதே வரிசை. சில ஊர்களில் தொட்டியைவிடக் கல் பெரிதாக இருக்கும். செத்துப்போனவர்களுக்கு வைக்கிற கல்லும் அந்த அச்சில்தான் வார்க்கப்படும் என்று எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். எத்தனை திறப்பு விழா நோட்டீஸ் இந்தக் கையால் கோத்திருக்கிறேன்!

கூட்டத்தில் சண்டை வந்தது. எதற்கு?

"என் பேரு ஏன் அவுகளுக்குக் கீழ வருது? அவுகளுக்கு முன்னாடி நான் தலைவரா வந்தவன்!"

"சரிங்க, மேல தூக்கிருவோம்."

"பேருக்கு முன்னால 'சமூக சேவைச் செம்மல்' போடணும்."

"அது யாரு குடுத்த பட்டம்?"

"போன வருஷம் ஃப்ளெக்ஸுல போட்டாகள்ல!"

"அப்ப எனக்கு பி.ஏ. போடுங்க."

"நீங்க பி.ஏ. முடிக்கலையே?"

"படிச்சேன்ல!"

இரண்டரை மணி நேரம். ஒருவரும், ஒரே ஒருவர்கூட, அந்தப் பத்தொன்பது பேரில் யார் மேலே, யார் கீழே என்று கேட்கவில்லை.

கல் ஏற்கனவே வந்து இறங்கியிருந்தது. கறுப்பு கிரானைட். நாலடிக்கு மூன்றடி. எழுத்து வெட்டுகிறவர் அளந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இம்புட்டும் கொள்ளாதுங்க. எழுத்தைச் சின்னதாக்குனா மந்திரி பேரும்ல சின்னதாகும்?"

செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. என் மகளுக்கு காலேஜில் இடம் வாங்கிக் கொடுத்தவர்.

"கொஞ்சம் சுருக்குங்களேன்."

"யாரைச் சுருக்க?"

"உசுரோட இருக்கவுகளச் சுருக்குனா, நாளைக்கு ரோட்டுல நிப்பாட்டிக் கேப்பாக. செத்தவுக கேக்கவா போறாக?"

அவர் சொன்னது அவ்வளவுதான். எப்படிச் சுருக்குவது என்று அவர் சொல்லித்தரவில்லை.

அச்சாபீஸில் இடம் தீர்ந்துபோனால் நாங்கள் போடுகிற வார்த்தை ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று அடுக்கிக்கொண்டே வந்து, தாள் முடிகிற இடத்தில் அதைப் போட்டுவிட்டால் விட்டுப்போனவர் யாரும் குறை சொல்ல முடியாது. 'உங்களையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறோம், மாமா' என்று சொல்லிவிடலாம். எத்தனை கல்யாண வீட்டுச் சண்டையை அது தடுத்திருக்கும்!

பேனாவை எடுத்தேன். ஆறு பெயரை வைத்துக்கொண்டேன். பதின்மூன்றை அடித்தேன். கீழே எழுதினேன்: 'மற்றும் பலர்.'

செயலாளர் எழுதவில்லை. கல் வெட்டுகிறவர் எழுதவில்லை. நான் எழுதினேன். கை நடுங்கியதா என்று கேட்பீர்கள். இல்லை. பழகின கை.

அந்த ஆறு பேரை எப்படித் தேர்ந்தெடுத்தேன்? அவர்களுடைய பேரன், மருமகன், தம்பி மகன் யாராவது கமிட்டியில் இருந்தார்கள். வேறு காரணம் ஒன்றும் இல்லை. செத்த பிறகும் ஆளுக்கு ஆள் வேண்டியிருக்கிறது.

மொக்கராசு அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை? 'நேரமில்லை' என்று இங்கே எழுதலாம். பொய். விழாவுக்கு முன்னால் இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஒரு தடவை அவரே டீ வாங்கிக் கொடுத்தார். "எல்லாம் வெட்டியாச்சா தம்பி?" என்றார். "ஆச்சுண்ணே" என்றேன். விழா முடியட்டும், செயலாளரிடம் பேசிப் பக்கத்திலேயே இன்னொரு சின்னக் கல் வைக்கச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விழா. பொட்டலில் சாமியானா, குண்டுமேட்டின் மேல் கட்சிக் கொடி, பாதை நெடுக ஃப்ளெக்ஸ். ஒவ்வொரு ஃப்ளெக்ஸிலும் செல்போனைக் காதில் வைத்தபடி யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். பத்து மணி என்று சொன்ன மந்திரி ஒரு மணிக்கு வந்தார்.

மொக்கராசு அண்ணன் எட்டரைக்கே வந்துவிட்டார். தனியாக வரவில்லை. பழைய டிரைவர் சிநேகிதர்களிடம் சொல்லி இரண்டு ஜீப்பில் அவர் தெருவையே ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மனைவி, மகன், மருமகள், பேத்திகள், அக்கம்பக்கம். சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை. முன்வரிசையில் யாரைக் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார் தெரியுமா? பெருமாள்சாமியை!

"வா பெருமாளு, இங்கன உக்காரு. இங்கனருந்து பார்த்தாத்தான் எழுத்து நல்லாத் தெரியும்."

நான் கூட்டத்துக்குப் பின்னால், மைக்செட்காரர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து ஓடியிருக்கலாம். ஓடினவன் என்று அறுபது வருஷமாக ஒருவரைச் சொன்ன ஊரில், அன்றைக்கு ஓட நினைத்தவன் நான் ஒருவன்தான்.

மந்திரி திரையை இழுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மந்திரி பெயர் தங்க எழுத்தில் பளபளவென்று மின்னியது.

அண்ணனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். பஸ் போர்டு படித்துப் பழகிய படிப்பு. எழுந்து கல்லுக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மேலிருந்து ஆரம்பித்தார். உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. மாண்புமிகு... திறந்து வைத்தவர்... தலைமை... முன்னிலை... மெதுவாக இறங்கி வந்தார். உயிரோடு இருக்கிறவர்களைத் தாண்டவே ரொம்ப நேரம் ஆனது. கீழே ஆறு பெயர். பிறகு இரண்டு வார்த்தை. பிறகு கமிட்டியார் பெயர்.

மறுபடி மேலே போனார். மறுபடி படித்தார். கல்லின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அவர் பேத்தி, "தாத்தா, பூட்டன் பேரு எங்க இருக்கு?" என்றது. அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் பெருமாள்சாமி எழுந்து வந்துவிட்டார். அவர் சத்தமாகவே படித்தார். படித்து முடித்துவிட்டுத் தெருவாரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"ஏலே மொக்கராசு... ஓடுனவகளையெல்லாம் சேத்துத்தான் பலர்னு போட்டிருக்காகளோ?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகமில்லை, இரண்டே பேர். மொக்கராசு அண்ணனின் மகன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். அண்ணன் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினார். "விடுப்பா. கல்லு அப்படித்தான சொல்லுது?"

பிறகு என்னைத் தேடிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் வந்தார். நான் வாயைத் திறந்தேன். இடம் பற்றாக்குறை, கல்லின் அளவு, அடுத்த கல்... என்று என்னவோ உளறினேன். முழுக்கக் கேட்டார்.

"நீதான் எழுதுனியா?"

"ஆமாண்ணே."

"சரி. நீ தப்பா எழுதமாட்ட. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. பலர்னு போட்டுட்டா, அதுல எங்கய்யா எத்தனாவது ஆளு, தம்பி?"

எனக்கு விடை தெரியும். இந்த உலகத்தில் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான்தானே அடித்தேன்? பதின்மூன்றாவது ஆள். கடைசி ஆள். குனிந்து, பந்தல் கயிற்றின் முடிச்சைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

அவர் காத்திருந்தார். நிஜமாகவே பதிலுக்குத்தான் காத்திருந்தார். பிறகு, "சரி, வா" என்று நடந்தார்.

திட்டியிருக்கலாம். என் சட்டையைப் பிடித்திருக்கலாம். அவர் 'வா' என்றார். நானும் பின்னாலேயே போனேன். பொட்டலைத் தாண்டி, மண்பாதை தாண்டி, கைகாட்டிவரை நடந்தோம். இரண்டு மைல். பின்னால் மைக்கில் நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது. பந்தல் போட்டவர், ஸ்பீக்கர் கட்டியவர், சாப்பாட்டுப் பொட்டலம் கட்டியவர் என்று ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி, ஊர் சொல்லி நன்றி. பாதித் தூரம்வரை தெளிவாகக் கேட்டது.

கைகாட்டியில் டீக்கடைக்குப் பக்கத்தில் தகரம் போட்ட சலூன் ஒன்று இருக்கிறது. ஒரே நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை, ஆனால் விழாவுக்கு எல்லோரும் போய்விட்டதால் கூட்டமில்லை. அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

சலூன்காரர் துண்டை உதறிக்கொண்டே வந்தார். "கட்டிங்கா, சேவிங்காண்ணே?"

"மொட்டை."

"கோயிலுக்காண்ணே?"

"இல்ல. மீசையும் சேத்து எடுத்துரு."

சலூன்காரர் கை நின்றுவிட்டது. துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, குரலை இறக்கிக் கேட்டார்.

"யாருண்ணே தவறுனது?"

"எங்கய்யா."

"அடடா... எப்பண்ணே?"

மொக்கராசு அண்ணன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்தார்.